கங்காணியும் கண்ணாடியும்

தொழிலிடத்தில் தமக்கு மேல்நிலையில் இருப்பவரைக் குறிக்கப் பினாங்குத் தமிழர் பல சொற்களை வழங்கி வந்துள்ளனர். கங்காணி, தண்டல், மண்டோர், மேஸ்திரி, கிராணி என்பன அவற்றுட் சில. மண்டோர் என்பது, கட்டளையிடுபவர் எனப் பொருள்படும் போர்த்துக்கீசியச் சொல் மலாய் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்த வடிவம். மேஸ்திரியும் போர்த்துக்கீசியர் தந்ததே. அதன் மூலச்சொல்லுக்கு அம்மொழியில் ஆசான் என்பது பொருள். ஆசிரியப் பெருமக்கள் இதனைக் கேட்டு மகிழலாம். தண்டல், கப்பலில் மாலுமிகளின் தலைவனைக் குறித்த சொல். பின்னர்த் தரையில் வேலை செய்வோரின் தலைவனையும் குறிப்பதாயிற்று. கங்காணி என்பது மட்டும் ஐயத்திற்கு இடமின்றித் தமிழ். கண்காணி என்பதன் மரூஉ அது. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிற் காரியங்களை மேற்பார்ப்பவரைக் குறிக்கவும் இச்சொல் வந்துள்ளது.

கண்ணால் காண்பவன் கண்காணி. யாரைக் காண்பவன்? பிறரைக் காண்பவன். அவன் தன்னைக் காண்பதற்கு இச்சொல்லில் இடம் ஏதும் இல்லை. சொல்லில் இல்லாத அப்பொருள் தொழிலிலும் இல்லாது போனமையால் விளைந்தது என்ன என்பதற்கு நம் மலாயாத் தமிழர் வரலாறே சான்று. தொழிலிடத் தலைமையைப் பற்றி இன்று நூல்கள் மலிந்துள்ளன. அவை கூறுவனவற்றுட் பெரும்பகுதியை நம் தோட்டத்துப் பெரட்டுக் களத்திலேயே கற்றிருக்கலாம் என்பது என் எண்ணம்.

பினாங்குத் தீவை 1786இல் பிரான்சிஸ் லைட் கைக்கொண்டார். அதனை அடுத்த சில ஆண்டுகளிலேயே இந்தியாவிலிருந்து தண்டனைக் கைதிகள் இங்குக் கொண்டுவரப்பட்டனர். காடு வெட்டியதிலும் சாலை போட்டதிலும் அவர்களுடைய உழைப்பு மிகுதி. இவர்களைக் காவல் செய்வதற்குக் கைதிகளுள்ளிருந்தே ஆட்களைத் தெரிந்தெடுக்கும் முறை ஒன்று நீரிணைக் குடியேற்றங்களில் உருவாயிற்று. கைதிகள் ஆறு வகுப்பினராகப் பிரிக்கப்பட்டனர். நன்னடத்தை உடையோர் படிப்படியாக உயர்ந்து, தண்டல் என்றும் பியூன் என்றும் பெயர் பெற்றுத் தம்மோடு வந்தவர்களையே மேற்பார்த்தனர். சிங்கப்பூரில் கைதிகளின் மேற்பார்வையாளராக இருந்த மக்நேர் என்பவர் இம்முறையை விரித்து 1899இல் ஒரு நூல் எழுதியிருக்கிறார். கைதிகளே தம் காவலர் என்பது அந்நூற்பெயரின் கருத்து. 1873இல் இம்முறை முடிவுற்றது. விலங்கு பூட்டியிருந்தவனே விலங்கு பூட்டியிருப்பவனை வேலை வாங்கினான் என்பதும், பல்லாண்டுகள் அம்முறை நடைபெற்றது என்பதும் நினைக்கத்தக்கன. கீழே இருந்த நினைவு மேலே போனவனுக்கு ஒருவகைக் கல்வி என்று இதனைக் கொண்டு சொல்லத் தோன்றும்.

ஆனால், அவ்வாறு சொல்லி முடித்துவிட இயலாது. கங்காணியின் வரலாறு அதற்குக் குறுக்கே நிற்கிறது.

நமது தீவுக்கு எதிர்க்கரையான செபராங் பிறையில் 1840களில் கரும்புத் தோட்டங்கள் பெருகின. அவற்றில் உழைத்தோருட் பலர் ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர். பின்னர் ரப்பர் வந்தது; கங்காணி முறையும் ஓங்கியது. 1910இல் ஒப்பந்த முறை ஒழிந்தது. 1938இல் இந்திய அரசு, உதவி பெற்றுத் தொழிலாளர் வருவதைத் தடுக்கும்வரையில் கங்காணியின் கை உயர்ந்தே இருந்தது. இந்தக் கங்காணி எங்கிருந்து வந்தான்? பெரும்பாலும் அவனும் ஒருகாலத்தில் அதே தோட்டத்தில் வேலை செய்தவனே. நம்பிக்கைக்கு உரியவன் என்று தோட்ட நிருவாகம் கருதியபோது அவனை ஊருக்கு அனுப்பியது. அவன் தன் ஊரிலிருந்தும் அண்டை ஊர்களிலிருந்தும் ஆள் திரட்டி வந்தான். வந்தவர்கள் அவனுக்கு உறவினர், ஊரார், தெரிந்தவர். அவர்களுடைய வறுமையை அவன் அறிவான்; கப்பற் பயணத்தின் துன்பத்தையும் அறிவான். எல்லாம் அறிந்தும் கங்காணி என்னும் பெயர் நம் மக்கள் நினைவில் அச்சத்தோடும் கசப்போடும் ஒட்டிக்கொண்டது ஏன்?

ஒரு காரணத்தை அக்காலத்து ஊதிய முறையே காட்டுகிறது. தன் ஆட்களுள் அன்றன்று வேலைக்கு வந்தவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கங்காணிக்குக் காசு கிடைத்தது. இதற்குத் தலைக்காசு என்று பெயர். விடியுமுன் பெரட்டு நடக்கும். வரிசையில் எத்தனை தலை நிற்கிறது என்பதே அவனுடைய அன்றைய வருவாய். காய்ச்சலில் கிடப்பவன் அவனுக்கு நோயாளி அல்லன். குறைந்துபோன ஒரு தலை. நாள்தோறும் தலையை எண்ணுகிறவன் நாளடைவில் முகத்தைப் பார்க்க மறந்துவிடுகிறான். அவன் பிறவியிலேயே கொடியவன் என்று கொள்ள வேண்டுவதில்லை. நல்லவர்களான கங்காணிகளும் இருந்தார்கள். கோயில் கட்டினார்கள், பள்ளிக்குக் கொடுத்தார்கள். ஆயினும் ஒரு சிறு பழக்கம், விடியற்காலையில் எண்ணும் பழக்கம், ஒரு மனிதனுடைய பார்வையையே மாற்றிவிட்டது. மாறியதை அவன் அறியவில்லை என்பதே இங்குக் கருதவேண்டியது.

செபராங் பிறையில் இருந்த இந்நிலையே சிலாங்கூர்த் தோட்டங்களிலும் இருந்தது. அதன் கசப்பு 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் வெளிப்பட்டது. தமிழ் நேசன் இதழில் பணியாற்றியவரும் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத் தலைவருமான ஆர். எச். நாதன் முன்னின்ற அந்த வேலைநிறுத்தம் மலாயாத் தமிழர் வரலாற்றில் ஒரு திருப்பம். கூலி உயர்வு கேட்டார்கள். வேலை நேரத்தைக் குறைக்கக் கேட்டார்கள். பிள்ளைகளுக்குக் கல்வி, நோய்க்கு மருத்துவம், கள்ளுக்கடை ஒழிப்பு, பெண்களுக்குத் தொல்லை நேராத பாதுகாப்பு ஆகியவற்றையும் கேட்டார்கள். கொடுமை செய்யும் மேற்பார்வையாளரை நீக்கித் தமிழ் பேசுபவரை அமர்த்த வேண்டும் என்றார்கள். இவற்றோடு மற்றொரு கோரிக்கையும் இருந்தது. துரையோ கிராணியோ எதிரில் வரும்போது தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது அது.

இக்கோரிக்கையை நான் முதன்முதல் படித்தபோது நெடுநேரம் அதிலேயே நின்றுவிட்டேன். கூலியும் மருந்தும் கேட்கும் பட்டியலில் சைக்கிளுக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். எண்ணிப் பார்த்தால்தான் விளங்குகிறது. கூலி மாதத்துக்கு ஒரு முறை வருவது. சைக்கிளை விட்டு இறங்குதலோ நாள்தோறும் நேர்வது; மனைவி பார்க்க நேர்வது, மகனைப் பின்னால் ஏற்றிச் செல்லும்போதும் நேர்வது. துரையைக் கேட்டிருந்தால், ‘நான் யாரையும் இறங்கச் சொன்னதில்லையே’ என்றுகூடச் சொல்லியிருப்பார். அவர் சொல்லியிருக்கவே வேண்டாம். இறங்குகிறவனைப் பார்த்தும் பார்க்காதவர்போல் கடந்து போயிருந்தாலே போதும், வழக்கம் நிலைத்துவிடும். மேலே இருப்பவருக்கு அது கண்ணிற் படாத சிறுமை. கீழே இருப்பவருக்கு அது வேலைநிறுத்தப் பட்டியலில் எழுதத்தக்க பெருமை இழப்பு. அவ்வாண்டு மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர் போயிற்று.

பிறர் கதையையே பேசுவது முறையன்று. என் கதையும் ஒன்று உண்டு.

சுங்கை பினாங் ஆற்றை அடுத்த ஒரு கிட்டங்கியில் நான் பல ஆண்டுகள் தலைமைக் கிராணியாக இருந்தேன். கீழே இருபதுக்கு மேற்பட்டவர்கள் வேலை செய்தார்கள். எவரையும் கடிந்து பேசியதில்லை என்பதில் எனக்கு ஒரு பெருமிதம் இருந்தது. ஓய்வு பெற்ற அன்று தேநீர் விருந்து வைத்தார்கள். விருந்து முடிந்து புறப்படும்போது, மூட்டை ஏற்றும் பகுதியில் மூத்தவர் ஒருவர் அருகே வந்தார். என்னிலும் வயதில் பெரியவர் ஆதலின் அவரை அண்ணே என்றே அழைப்பேன். “ஐயா, ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டால் அன்றைக்கு நாங்கள் யாரும் உங்களிடம் வரமாட்டோம்” என்றார். நான் சிரித்தேன். கணக்குப் புத்தகத்தை நெடுநேரம் பார்த்தால் எனக்குத் தலைவலி வரும். அதனால் கழற்றி வைப்பேன். வேறொரு காரணமும் இல்லை. அதனைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒருவருடைய பெயரைச் சொன்னார். அவருடைய தாய் கடாரத்தில் நோயாய்க் கிடந்தபோது விடுப்புக் கேட்பதற்காக என் அறை வாசல் வரை வந்தாராம். கண்ணாடி மேசைமேல் இருந்ததாம். நாளை கேட்கலாம் என்று திரும்பிவிட்டாராம். அடுத்த நாள் தந்திபோல் செய்தி வந்துவிட்டது.

அவர் அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் என்கீழ் வேலை பார்த்தார். நாள்தோறும் காலையில் எனக்கு வணக்கம் சொன்னார். ஒருநாளும் இதனைச் சொல்லவில்லை. கேட்டிருந்தால் அந்த நிமிடமே அனுப்பியிருப்பேன் என்பது உண்மை. அந்த உண்மையால் அவருக்கு என்ன பயன்?

‘தன் முதுகு தனக்குத் தெரியாது’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். தொழிலிடத்தில் இதற்கு ஒரு தனி இயல்பு உண்டு. மேலே உள்ளவர் கீழே உள்ளவரை எப்போதாவது பார்க்கிறார். கீழே உள்ளவர் மேலே உள்ளவரை எப்போதும் பார்க்கிறார். அவர் கதவைச் சாத்தும் ஒலி, பேனாவை மூடும் விதம், யாருடைய வணக்கத்துக்குத் தலை நிமிர்ந்தார், யாருக்கு நிமிரவில்லை என்பன எல்லாம் கீழே உள்ளவர்களுக்குப் பாடம். நம் முகத்தை இருபது பேர் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். நமக்கு மட்டும் அது தெரியாது. கண்காணிக்கப்படுபவர் உண்மையில் கங்காணியே. திருவள்ளுவர் வெருவந்த செய்யாமை என்னும் அதிகாரத்தில், காண்பதற்கு அரியவனாய் இருத்தலையும் கடுமுகத்தையும் சேர்த்தே கண்டித்திருக்கிறார். என் முகம் கடுமையானதன்று என்று நான் நம்பியிருந்தேன். முகத்தின் வேலையைக் கண்ணாடி செய்துவிட்டது.

இனிச் செய்யத்தக்கது யாது? தன்னையறிதல் என்றதும் தனித்திருந்து சிந்தித்தல் என்று பலர் கொள்கின்றனர். நானும் அவ்வாறு கொண்டவன்தான். இரவில் படுக்குமுன் அன்று செய்தவற்றை எண்ணிப் பார்ப்பேன். குற்றம் ஒன்றும் தென்படாது. தென்படாததனாலேயே நன்றாக உறங்கினேன். தனித்த சிந்தனையில் நமக்கு நாமே நீதிபதி, நாமே வழக்கறிஞர். அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்ளின் இளமையில் ஒரு சிறு ஏடு வைத்திருந்தார். தாம் பழகவேண்டிய நற்பண்புகளைப் பன்னிரண்டாக எழுதிக்கொண்டு, வாரத்துக்கு ஒன்றாகப் பயின்று, தவறியபோதெல்லாம் அவ்வேட்டில் கரும்புள்ளி இட்டார். இவ்வேட்டைப் புகழ்ந்து பேசுவோர் பலர். அதனினும் சிறந்த செய்தி ஒன்று அவருடைய தன்வரலாற்றில் இருக்கிறது. பன்னிரண்டையும் எழுதிய பிறகு நண்பர் ஒருவர் வந்து, உம்மை ஊரார் செருக்குடையவர் என்று கருதுகின்றனர் என்று கூறி, அதற்குச் சான்றுகளும் காட்டினாராம். அதன் பின்னரே பணிவு என்பது பதின்மூன்றாவதாக அவ்வேட்டில் ஏறியது. தன்னைத்தானே ஆராய்ந்து பன்னிரண்டு எழுதியவருக்கும் பதின்மூன்றாவது பிறர் வாயிலிருந்துதான் வந்தது.

குறளின் வைப்பு முறையும் இதற்கு ஒத்திருக்கிறது. நாற்பத்து நான்காம் அதிகாரம் குற்றங்கடிதல். அதனை அடுத்தது பெரியாரைத் துணைக்கோடல். தன் குற்றத்தைக் கடிய வேண்டும் என்று சொன்ன உடனே, இடித்துரைக்க வல்லவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறார் ஆசிரியர். இரண்டையும் தனித்தனியே நடத்தும் நாம் இடையே உள்ள தொடர்பை மாணவர்க்குக் காட்டுவதில்லை.

இடித்துரைப்பவர் தாமாக வந்து நிற்பார் என்று எதிர்பார்க்கலாகாது. சம்பளம் வாங்குகிறவன் சம்பளம் கொடுக்கும் கையை எளிதில் திருத்த மாட்டான். அதற்கு ஒரு வாயிலை மேலே உள்ளவரே அமைக்க வேண்டும். 1972இல் நமது பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக மண்டலத்தில் முதலில் வந்து இறங்கிய மின்னணுத் தொழிலகங்களுள் இன்டெல் ஒன்று. அந்நிறுவனத்தை நெடுங்காலம் நடத்திய ஆண்ட்ரூ குரோவ் 1983இல் மேலாண்மை பற்றி ஒரு நூல் எழுதினார். மேலாளரும் அவருக்குக் கீழ்ப் பணிபுரிபவரும் குறித்த காலங்களில் தனியே அமர்ந்து பேச வேண்டும் என்பது அதில் அவர் வற்புறுத்தும் பழக்கம். அதில் நுட்பமானது, அந்தச் சந்திப்பு கீழ்ப் பணியாளருக்கு உரியது என்று அவர் வரையறுத்ததே. என்ன பேசுவது என்பதை அவரே முடிவு செய்வார். மேலாளர் கேட்பார், குறித்துக்கொள்வார். ஒரு மணி நேரமாவது வேண்டும் என்றும் சொல்கிறார். ஏனெனில் சொல்லத் தயங்கும் செய்தி முதற் கால்மணியில் வெளிவராது. இதற்கும் முன்னர், சிகாகோ நகரை அடுத்த ஹாத்தோர்ன் தொழிலகத்தில் 1928 முதல் இரண்டாண்டுகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரைத் தனித்தனியே பேசவைத்தனர். குறித்து வைத்த கேள்விகளைக் கேட்டபோது அவர்கள் வேறு எதையோ பேச விழைந்தனர். ஆகவே கேள்விகளைக் கைவிட்டு, அவர்கள் பேசுவதைக் கேட்கத் தலைப்பட்டனர்.

நம் தமிழுக்கே உரிய ஒரு வாயிலும் உண்டு. ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல். நமக்கோ நீ, நீர், நீங்கள் என மூன்று. தோட்டத்தில் கிராணி தன் தந்தை வயதுடைய தொழிலாளியை ‘நீ’ என்றான், ‘வாடா’ என்றான். தொழிலாளி கிராணியின் பத்து வயது மகனைத் ‘தம்பி, வாங்க’ என்றான். ஒருவர் தம்மை அறிய வேண்டுமானால் ஒரு நாள் முழுவதும் தாம் யாரை எவ்வாறு விளித்தோம் என்று குறித்துக்கொண்டு வரட்டும். நான் ஓய்வு பெற்ற பிறகு இதனைச் செய்து பார்த்தேன். மூட்டை ஏற்றும் அண்ணனை ‘அண்ணே’ என்றேன் என்று மேலே எழுதினேன் அல்லவா? உண்மைதான். ஆனால், வினைமுற்றில் ‘அண்ணே, அந்தச் சாக்கை எடு’ என்றே சொல்லி வந்திருக்கிறேன். விளியில் வைத்த மதிப்பை வினையில் பறித்துக்கொண்டேன். இலக்கணம் கற்பிப்போர் இதனை ஒருமை பன்மை மயக்கம் என்பார்கள். கிட்டங்கியில் அதற்கு வேறு பெயர்.

தலைமையாசிரியர்களுக்கும் இது பொருந்தும். பினாங்கு இலவசப் பள்ளியில் 1816இல் தமிழ் வகுப்புத் தொடங்கியதிலிருந்து கணக்கிட்டால், இந்நாட்டுத் தமிழ்க் கல்விக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இத்தனை ஆண்டுகளில் ஆசிரியர் கூட்டங்கள் எத்தனையோ நடந்திருக்கும். அவற்றுட் பெரும்பாலானவற்றில் தலைமையாசிரியர் முதலிற் பேசியிருப்பார், மூத்தவர்கள் ஆமோதித்திருப்பார்கள், புதிதாக வந்த ஆசிரியை தலையை மட்டும் அசைத்திருப்பார். பிரிட்டிஷ் கடற்படையின் இராணுவ நீதிமன்றங்களில், தீர்ப்புக்குக் கருத்துக் கேட்கும்போது பதவியிற் குறைந்தவரிடமிருந்து தொடங்கி மேலே செல்வது பழைய வழக்கம். மூத்தவர் முதலிற் சொல்லிவிட்டால் இளையவர் மாறிச் சொல்லத் துணியார் என்பது காரணம். கூட்டத்தில் இம்முறையைக் கைக்கொண்ட தலைமையாசிரியர் ஒருவரை நான் அறிவேன். முதல் இரண்டு கூட்டங்களில் இளைய ஆசிரியை, ‘எனக்கு ஒன்றும் இல்லை, சார்’ என்றே சொன்னாராம். மூன்றாவது கூட்டத்தில், காலைச் சபையில் பாலர் வகுப்புப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி நாம் பேசும் நேரம் மிகுதி என்றார். பேசுபவர் தலைமையாசிரியரே என்பது எல்லார்க்கும் தெரியும். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி அந்த ஆசிரியையிடம் கொடுத்து, அடுத்த திங்கட்கிழமை தாம் பேசும் நேரத்தைக் குறிக்கச் சொன்னார்.

இருபத்திரண்டு நிமிடங்கள். ஐந்து நிமிடமே பேசுகிறோம் என்று அவர் அதுவரை எண்ணியிருந்தார்.